பூக்காத செண்பகத்தை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். விதையிலிருந்து வந்த செண்பகம் பூக்க 8 முதல் 10 வருடம் எடுக்கும். பெங்களூரு ஜெயநகர் வீட்டு வாசலில் 5 வருடமாகப் பூக்காமல் நிற்கும் உங்கள் மரம் அநேகமாக அந்த வகைதான். ஒட்டுக்கன்று என்றால் ஓரிரு வருடத்திலேயே பூக்கத் தொடங்கியிருக்கும்.

அடித்தண்டைத் தரையிலிருந்து ஒரு முழம் வரை தடவிப் பாருங்கள். முடிச்சு மாதிரி வீக்கமோ லேசான வளைவோ இருந்தால் ஒட்டு. நேராக இருந்தால் பெரும்பாலும் விதைக்கன்று. சில மரங்களில் ஒட்டுத் தழும்பு மறைந்தும் போகும். விதைக்கன்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரே ஒரு பூ கூடம் முழுக்க மணக்கும். மல்லேஸ்வரத்தில் ஒரு சாலைக்கே சம்பிகே (கன்னடத்தில் செண்பகம்) என்று பெயர் வைத்திருக்கிறார்களே, சும்மாவா!

ஒட்டாக இருந்தும் பூக்கவில்லையா? அப்போ வெயில் போதாமல் இருக்கலாம், பக்கத்து மாடியின் நிழலைக் கவனியுங்கள். யூரியா போட்டால் நிறுத்துங்கள், இலைதான் தழைக்கும்.

ஆனால் இது பெரிய மரமாகும். மேலே மின்கம்பி போனால் பிரச்சினைதான். அப்போதும் நீங்களே வெட்ட முடியாது: 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த இடத்து மரமானாலும் மர அதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.