பலவீனமான எதிரிகள்: கேள்வி பதில்

பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாக நடித்து ஆடும் கற்பனை ஆட்டங்களை நடத்துகிறவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: எங்கள் குழு ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டது. இனியும் கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களை இறக்குவதில் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 விதிகளில் கோப்ளினுக்கு 7 ஹிட் பாயிண்ட்தான், அதாவது அவ்வளவு அடியைத்தான் தாங்கும். ஒரே வெட்டில் விழும். ஆனால் தாக்கும்போது பகடை எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளும். கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 20 உள்ள வீரனைக்கூட இருபதுமுகப் பகடையில் 16 விழுந்தால் அடித்துவிடும். பத்துக் கோப்ளின்கள் வில்லோடு நின்றால் ஒரு சுற்றுக்கு அவனுக்குச் சுமார் 15 ஹிட் பாயிண்ட் போய்விடும். அம்பை எய்த கையோடு ஒளிந்துகொள்ளவும் அவற்றுக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. எதிரிகளும் கூடவே வலுத்துக்கொண்டே போனால் லெவல் ஏறியதை வீரர்கள் எப்படி உணர்வார்கள்? முதல் லெவலில் தங்களை ஓடவிட்ட அதே கூட்டத்தை இன்று சிதறடிக்கும்போதுதான் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: நான்கு வீரர்களுக்கு எத்தனை எதிரிகளை வைக்கலாம்?

பதில்: எட்டில் தொடங்குங்கள். அதே 2014 விதிகளில் 7 முதல் 10 எதிரிகள் வரை இருந்தால், சண்டையின் கடுமையைக் கணிக்க, அவற்றை வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளை இரண்டரையால் பெருக்க வேண்டும். கூட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த எண்ணே சொல்லும்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, அவை எப்போது ஓடும் என்பது. அதே ஆட்டத்தின் 1981 பேசிக் விதிகளில் கோப்ளினின் மன உறுதி எண் 7. முதல் ஆள் விழுந்ததும் ஒரு முறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு முறை, இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். 7ஐத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். கடைசி ஆள்வரை நின்று சாகும் கோப்ளின் வெறும் எண்தான். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, "கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று சொல்கிறேன், விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சும் கோப்ளினை என்ன செய்வது என்று வீரர்கள் கூடிப் பேசியே ஆக வேண்டும்.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பின் மினியன், அதாவது ஒரே அடியில் விழும் துணை எதிரி, எனக்குப் பிடிக்கவில்லை. ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் என்பது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இல்லை. 2008இல் வந்த அந்த விதி ஓகரின் உடல் வலுவை அளக்கவில்லை. இந்தச் சண்டையில் அதன் பங்கு என்ன என்பதைத்தான் சொல்கிறது. தவறிய தாக்குதலால் மினியனுக்குச் சேதமே கிடையாது என்ற பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

அதே வாசகர்: என் மந்திரவாதி தன் மிகப்பெரிய மந்திரத்தை ஒரு மினியன் மேல் வீணடித்தாள். அது மினியன் என்று யாரும் சொல்லவில்லை.

பதில்: அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் குறை விதியில் இல்லை. மினியனை மினியன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வாசகர்: சொல்லிவிட்டால் மர்மம் போய்விடாதா?

பதில்: ஹிட் பாயிண்டில் என்ன மர்மம்? எதிரி யாருக்காக வந்திருக்கிறான், எதைக் காக்கிறான் என்பதில் மர்மத்தை வையுங்கள். பெரிய அடி வீணாகக் கூடாது என்றால், 2013இல் வந்த தேர்டீந்த் ஏஜ் ஆட்டத்தில் நல்ல வழி இருக்கிறது. ஓர் அடியாளை வீழ்த்தி மிஞ்சும் சேதம் அடுத்தவன்மேல் போகும். ஒரே வெட்டில் மூன்று பேரைச் சாய்க்கலாம். எந்த ஆட்டத்திலும் இந்த விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் சேர்த்திருக்கிறேன்.

மினியன் பிடிக்காத வாசகர்: அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ஆட்டத்தின் முறைதான் மேல்.

பதில்: அதுவும் நல்ல முறைதான். அங்கே சாதாரண எதிரி ஒரே காயத்தில் விழுவான், ஆனால் முதலில் அவன் தாங்குதிறனைத் தாண்ட வேண்டும். ஓகர் ஓகராகவே இருக்கும்.

கேள்வி: ஏழாம் லெவல் குழுவுக்கு எத்தனை கோப்ளின்கள்?

பதில்: மேலே எட்டு என்றேன். அங்கிருந்து ஏற்றிப் பாருங்கள். எப்போது ஓடும் என்பதையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: தீக்கோள மந்திரம் ஒன்று போதும், மொத்தக் கூட்டமும் சாம்பல். என்ன செய்ய?

பதில்: முதல் முறை எரியட்டும், அந்த மந்திரம் அதற்குத்தான். அடுத்த முறை அது எரிக்கும் 20 அடி ஆரத்துக்குள் எல்லாரையும் நிறுத்தாதீர்கள். இந்த ஆட்டத்துக்கான டிராகன் இதழின் 127ஆம் எண்ணில், 1987 நவம்பரில், வலுத்த வீரர்களைக் கதிகலங்க வைத்த கோபோல்டுகள் என்ற பலவீனமான குட்டி எதிரிகளைப் பற்றி ஒரு தலையங்கம் வந்தது. குறுகிய வழிகளும், மறைந்திருந்து தாக்கும் துளைகளும், நெருப்பும்தான் அவற்றின் பலம். ஆனால் எல்லாக் கோபோல்டுகளையும் அப்படி ஆக்கிவிடாதீர்கள், வீரர்கள் சலித்துப்போவார்கள்.

கேள்வி: இருபது எதிரிகளுக்குப் பகடை உருட்டவே நேரம் போகிறது.

பதில்: எல்லாருக்கும் ஒரே இனிஷியேட்டிவ், அதாவது சண்டையில் ஒரே முறைவரிசை, போதும். அடிக்கப் பகடையில் 16 தேவைப்பட்டால் நான்கு பேருக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டு, உருட்டாமலே நகருங்கள்.

கேள்வி: கோப்ளின் பொம்மைகளுக்கு எந்தப் பெயின்ட் நல்லது?

பதில்: வண்ணம் தீட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆறு வீரர்கள் என்றால் எத்தனை எதிரிகள்?

பதில்: மூன்றாவது தடவை இதே கேள்வி. உங்கள் கோப்ளின்கள் எதற்காகச் சண்டைக்கு வருகின்றன என்று எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு எண்ணிக்கையைப் பேசலாம்.

கேள்வி: ஓடிப்போன எதிரிக்கும் அனுபவப் புள்ளி உண்டா?

பதில்: முழுப் புள்ளியும் கொடுங்கள். கொடுக்காவிட்டால், முதுகு காட்டி ஓடுகிறவனையும் துரத்திக் கொல்வதுதான் லாபம் என்று வீரர்கள் பழகிவிடுவார்கள்.