கீமோதெரபி மருந்து கைமாறும் முன்: புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளுநரின் பதில்கள்

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் 19 ஆண்டுகளாகப் பணியாற்றி, இப்போது அங்கே முதுநிலை மருந்தாளுநராக இருக்கிறேன். மாணவர்களும் செவிலியர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பி.ஃபார்ம் மாணவி, மதுரை: மேடம், மருத்துவர் எழுதித் தரும் மருந்தை எடுத்துக் கொடுப்பதைத் தவிர உங்கள் வேலை என்ன?

மருந்துச் சீட்டு வந்ததும் நான் முதலில் கேட்பது, இன்று, இந்த அளவில், இவருக்கு இதைக் கொடுக்கலாமா என்பதைத்தான். எந்தப் புற்றுநோய், எத்தனையாவது சுற்று, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் போதுமா, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே கணக்கில் இறங்குவேன். கார்போபிளாட்டின் என்றால் அளவு சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைப் பொறுத்தது. டாக்சோரூபிசின் என்றால் வாழ்நாள் முழுவதும் ஏறிய மொத்த அளவையும் கூட்டிப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் அது இதயத்தைத் தாக்கும். ஆக்ஸாலிபிளாட்டினை உப்புநீரில் கலக்கக் கூடாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும்.

ஒருமுறை டோசிடாக்ஸல் என்ற கீமோ மருந்து எழுதப்பட்ட ஒருவரின் கோப்பில் எடை 62 கிலோ, உயரம் 165 செ.மீ. என்று இருந்தது. பக்கத்து வார்டுக்குப் போய்ப் பார்த்தபோது, இடுப்பில் நிற்காத வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மறுபடி எடை பார்த்ததில் 51 கிலோ. மருந்தின் அளவைக் கணக்கிட உதவும் உடற்பரப்பு 1.69 சதுர மீட்டரிலிருந்து 1.53 ஆகக் குறைந்தது, மருந்தும் 126 மில்லிகிராமிலிருந்து 115 ஆகக் குறைந்தது. கோப்பில் இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய எண். அன்றிலிருந்து எடை பார்த்த தேதி இல்லாத சீட்டை நான் ஏற்பதில்லை.

செவிலியர் மாணவி, திருச்சி: வின்கிரிஸ்டைனை ஊசிக்குழலில் தராமல் சிறிய பையில் ஏற்றித் தருகிறார்களே, அது ஏன்?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஒரே நாளில் இரண்டு மருந்துகள் போகலாம்: சிரை (இரத்தக் குழாய்) வழியே வின்கிரிஸ்டைன், முதுகுத்தண்டு வழியே மெத்தோட்ரெக்ஸேட். இரண்டும் ஊசிக்குழலில் அருகருகே இருந்தால் கை தவறலாம். வின்கிரிஸ்டைன் தண்டுவட நீருக்குள் போய்விட்டால், கால்களில் தொடங்கும் செயலிழப்பு மேலேறி, ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடுகிறது. மீட்க மாற்று மருந்து இல்லை. 2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவர் இப்படித்தான் இறந்தார். பல நாடுகளில் இதே தவறு நடந்த பிறகு, 2007இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தைச் சிறு பையில் கலந்தே தர வேண்டும் என்று எச்சரித்தது. 50 மில்லிலிட்டர் பையை முதுகுத்தண்டு ஊசியில் பொருத்த யாருக்கும் தோன்றாது, அந்த வடிவமே தடுப்பாக நிற்கிறது.

ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். நம் வழக்கில் சிரையில் போடும் ஊசியை ‘நரம்பு ஊசி’ என்கிறோம். வின்கிரிஸ்டைன் சிதைப்பது நரம்பைத்தான். எனவே அதைக் கையில் தரும்போது ‘நரம்பில் போடுங்கள்’ என்று என் பிரிவில் யாரும் சொல்லக் கூடாது, ‘சிரையில் மட்டும்’ என்றே சொல்ல வேண்டும், வாங்குபவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

விவசாயி, தஞ்சாவூர்: வின்கிரிஸ்டைன் மருந்து எங்கள் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறதாமே? இலையைக் கொதிக்க வைத்து என் தங்கைக்குக் கொடுக்கலாமா?

வருகிறது என்பது உண்மை, கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான பதில். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் நாங்கள் தருவதில்லை. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. நோய்க்குப் போதாமல் போகலாம், சர்க்கரை அளவைக் குறைக்கலாம், நடக்கும் சிகிச்சையோடு மோதலாம். ஏற்கெனவே ஏதேனும் கஷாயம் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

இல்லத்தரசி, சேலம்: கணவருக்குக் கேபசிடபின் மாத்திரை தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலும் 14 நாள் தொடர்ந்து, பிறகு 7 நாள் ஓய்வு. காலையும் இரவும், உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள். ஒரு வேளை தவறினால் அதை விட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகத் தர வேண்டாம். உள்ளங்கையும் பாதமும் சிவந்து வலித்தாலோ, ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனையை அழையுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் என்றால் இன்றே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடக் காய்ச்சல் முக்கியம். வெப்பமானியில் 100.4 காட்டினால், இரவு இரண்டு மணியானாலும் வாருங்கள். ‘விடிந்ததும் பார்க்கலாம்’ என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் தணிந்ததாகத் தெரியும், கிருமி இரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: விலை மலிவான பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து நம்பகமானதா?

தரம் சோதிக்கப்பட்ட பொதுப்பெயர் மருந்துகளை நானே தினமும் கலந்து தருகிறேன். 2013இல் இமாட்டினிப் என்ற இரத்தப் புற்றுநோய் மாத்திரையின் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால்தான், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகக்கூடிய மாத்திரையைப் பல குடும்பங்கள் சில ஆயிரத்தில் வாங்க முடிகிறது. பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் குப்பியை மட்டும் ஏற்காதீர்கள். குளிர்பெட்டியில் வந்ததா என்பதும் தெரியாது, போலியா என்பதும் தெரியாது.

மருந்தாளுநர், கோயம்புத்தூர்: கர்ப்பமாக இருக்கிறேன். கீமோ மருந்து கலக்கும் அறையில் வேலையைத் தொடரலாமா?

வேண்டாம். பாதுகாப்புப் பெட்டியும் இரட்டைக் கையுறையும் இருந்தாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. எழுத்து மூலம் சீட்டுச் சரிபார்ப்புக்கு மாற்றம் கேளுங்கள். இதற்குக் கூச்சம் தேவையில்லை, இது உங்கள் உரிமை.

மகள், காரைக்குடி: அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை, மூட்டுவாதம்தான். மெத்தோட்ரெக்ஸேட் ஏன்?

மூட்டுவாதத்துக்கு அதே மருந்தை மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தருகிறார்கள். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையின் மேல் மருத்துவர் சொன்ன நாளை, ‘ஞாயிறு மட்டும்’ என்பதுபோல், பெரிய எழுத்தில் நீங்களே எழுதி ஒட்டுங்கள், மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.