சோறுதான் சாப்பிடுகிறாள், ஆனாலும் ரத்தம் ஏறவில்லை

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி செய்து சீலியாக் நோய் என்றார்கள், அதாவது கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய். 14 மாதங்களாகச் சப்பாத்தி, பரோட்டா, பிரெட், ரவை எதையும் தொடுவதில்லை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, 41 கிலோவிலிருந்து 45 கிலோ ஆகிவிட்டாள். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. இந்த நோய்க்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான டி.டி.ஜி. 200-க்கு மேல் இருந்தது, இப்போது 85-லேயே நிற்கிறது. இது குடல் புற்றுநோயில் முடியும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. குளூட்டனைச் செரிக்க வைக்கும் என்சைம் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். ஷாம்பு, லிப்ஸ்டிக்கையும் மாற்ற வேண்டுமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: புற்றுநோய் என்று சந்தேகிக்க உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை அம்மா. 4 கிலோ எடை கூடியிருக்கிறாள், வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது. சீலியாக் நோயையொட்டி வரும் குடல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் மிக அரிது. வந்தாலும் பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் வருகிறது. இரவு 2 மணிக்கு செல்போனில் தேடினால் அரிதிலும் அரிதானதுதான் முதலில் வந்து நிற்கும். அந்தத் தேடலை இன்றோடு விடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது எடையை. மாதம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கத் தொடங்கி, வயிற்றுப்போக்கும் திரும்பினால், அதுவும் நடுத்தூக்கத்தில் எழுந்து ஓடும்படி இருந்தால், உணவை மாற்றிப் பார்த்து நாள் கடத்தாதீர்கள். அந்த வாரமே குடல் மருத்துவரிடம் போய்விடுங்கள். எண்டோஸ்கோப்பி மறுபடி தேவைப்படலாம்.

இப்போது அந்த 85. உணவு முழுக்கச் சரியாக இருந்தால் ஓராண்டு தாண்டிய நிலையில் இதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். பெரும்பாலும் எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனே குடலைப் புண்ணாக்கப் போதும். அது ஏறக்குறைய அரை கிராம் மைதாவில் இருக்கிறது, அதாவது ஒரு சிட்டிகை.

முதலில் சத்துமாவு டப்பாவைத் திறந்து பாருங்கள். பெண் சோர்ந்திருக்கிறாளே என்று நம் வீடுகளில் முதலில் கொடுப்பது சத்துமாவுக் கஞ்சி. பெரும்பாலானவற்றில் கோதுமை உண்டு, சிலவற்றில் பார்லியும் உண்டு. மால்ட் பானங்களும் அப்படித்தான். மால்ட் என்றாலே பொதுவாக முளைகட்டிய பார்லி.

அடுத்தது மாவு மில். முன்னால் வந்தவரின் கோதுமையை அரைத்த அதே இயந்திரத்தில் உங்கள் அரிசியைக் கொட்டினால், கல்லில் ஒட்டியிருந்த கோதுமை மாவெல்லாம் உங்கள் பாத்திரத்துக்கு வரும். கம்பு, கேழ்வரகு, மிளகாய், மல்லி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கடையில் அரைத்து வைத்த கேழ்வரகு மாவும் வேண்டாம். முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கி, கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். கிரைண்டரில் ஆட்டும் இட்லி மாவுக்குப் பயமில்லை.

மூன்றாவது, யாரும் சந்தேகப்படாத பெருங்காயம். தூளானாலும் கட்டியானாலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துச் செய்ததே. கட்டிதான் சுத்தம் என்பது தவறான நம்பிக்கை. சாம்பார், ரசம், இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு என்று ஒரு வேளைக்கு இத்தனை, ஒரு வேளைக்கு அத்தனை என்று சேர்ந்துகொண்டே போகும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, அட்டையைப் படித்து வாங்குங்கள். கிடைக்கும்வரை பூண்டு போதும். ‘ஓட்டலில் இட்லி மட்டும்தான்’ என்று அவள் சொன்னால் சாம்பார் ஊற்றிக்கொண்டாளா என்று கேளுங்கள். தோசைக் கல்லும் அங்கே ரவா தோசைக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடுவார்கள் என்றால் அவளுக்குத் தனித் தோசைக்கல், தனி மாவுச் சல்லடை வேண்டும். அவள் சமையலை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கோதுமை மாவைப் பிசையுங்கள். பாக்கெட் உணவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தால், நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அது போதுமான பாதுகாப்பு.

ஷாம்புவை மாற்ற வேண்டாம், தோல் வழியே குளூட்டன் உள்ளே போகாது. லிப்ஸ்டிக்கில் வயிற்றுக்குப் போவது பொருட்படுத்தும் அளவில்லை. என்சைம் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். குடலைக் காக்கும் அளவுக்கு அது குளூட்டனை உடைப்பதில்லை. ‘மாத்திரை போட்டாச்சே’ என்று ஒரு துண்டு கேக் சாப்பிடும் தைரியத்தைத்தான் கொடுக்கும்.

ரத்தம் ஏறாததற்குக் காரணம் எளிது. இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி, சீலியாக் நோய் புண்ணாக்குவதும் அதே இடத்தை. நீங்களாக மாத்திரையை இரட்டிப்பாக்காதீர்கள், வயிற்று வலிதான் மிஞ்சும். உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பி12, வைட்டமின் டி, தைராய்டு பரிசோதனைகளையும் அந்த ரத்தத்திலேயே முடித்துவிடலாம். சமையலறையை மாற்றி மூன்று மாதம் கழித்து, முன்பு எடுத்த அதே ஆய்வகத்தில் டி.டி.ஜி. எடுங்கள். ஆய்வகம் மாறினால் அளவுகளை ஒப்பிட முடியாது.

நீங்களும் உங்கள் கணவரும் மற்ற பிள்ளைகளும் ஒருமுறை டி.டி.ஜி. பார்த்துக்கொள்ளுங்கள். நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம். ஆனால் பரிசோதனைக்கு முன்பே மகளுக்குத் துணையாக நீங்களும் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்று வந்துவிடும்.