எந்தப் பக்கம் படுத்தால் நல்லது?

கேள்வி: வயது 45. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. ஆனால் நடு இரவில் நெஞ்சு எரிகிறது, விடியும்போது கை மரத்துப்போயிருக்கிறது. மல்லாந்து படுத்தால் குறட்டை என்று வீட்டில் புகார். எப்படித்தான் படுப்பது?

பதில்: முதலில் இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். அப்படிப் படுக்கும்போது இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குக் கீழே இருக்கும். அமிலம் மேலேறுவது குறையும், ஏறினாலும் சீக்கிரம் இறங்கிவிடும். வலப்பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழ். இடப்பக்கம் படுத்தால் இதயத்துக்கு ஆகாது என்று பலர் பயப்படுவார்கள். இதயக் கோளாறு இல்லாதவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இரண்டு மூன்று தலையணையை அடுக்கிக்கொள்ளாதீர்கள். இடுப்பு மடங்கி வயிறு அழுந்துவதால் எரிச்சல் கூடத்தான் செய்யும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு ஆடாத மரக்கட்டை வையுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் இருக்கட்டும்.

கை மரத்துப்போவதற்குப் பக்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. எந்த விரல்கள் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், முழங்கையை இறுக மடக்கித் தூங்குகிறீர்கள், அங்கே நரம்பு இழுபடுகிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு துண்டை முழங்கையில் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் மடங்காது. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. இரவில் மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை உதவும். சில வாரங்களில் சரியாகாவிட்டாலோ, பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

ஒருக்களிக்கும்போது தலையணை, தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரத்தில் இருந்தால் கழுத்து சாயாது. முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று வைத்தால் இடுப்புக்குச் சுகம். குப்புறப் படுப்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன், கழுத்து மணிக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்.

அப்புறம் குறட்டை. மல்லாந்தால் நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுவழியைக் குறுக்கும். ஒருக்களித்தால் பலருக்குக் குறையும். உங்களுக்கு நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால், பக்கம் மாற்றினால் போதும் என்று விடாமல் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் எல்லோரும் பலமுறை புரளுவோம், விழிப்பு வந்தால் மறுபடி இடப்பக்கம் திரும்பிக்கொண்டால் போதும்.