தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்கு இறங்குவது எப்படி?

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் 20 நிமிடம் பிந்திக் கிளம்பியும் விமானம் சென்னைக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். விமானி விரட்டி ஓட்டியதால் அல்ல. அட்டவணையிலேயே நேரத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை எடுத்து நகரத் தொடங்கியதிலிருந்து, சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை அதில் அடக்கம். ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, எதிர்க்காற்று, இறங்க முடியாமல் வட்டமடிப்பது எல்லாவற்றையும் பழைய பயணங்களின் கணக்கைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். ஹட்டனில் இருக்கும் நாங்கள் கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பனிமூட்டம் இருக்குமென்று ஒரு மணி நேரம் முந்திக் கிளம்புகிறோமே, அதே புத்திதான்.

அப்புறம், 15 நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதமே இல்லை என்பதுதான் பொதுவான அளவுகோல். 14 நிமிடம் பிந்தினாலும் ‘நேரத்துக்கு வந்தது’ கணக்கில்தான் சேரும். கொஞ்சம் தந்திரம்தான்!