ஃப்ளீட் தெருவின் பழைய வங்கி: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் லண்டனில் பணிபுரிகிறேன். சென்ற வாரம் அலுவலக நண்பர்கள் என்னை ஃப்ளீட் தெருவிலுள்ள ‘தி ஓல்ட் பாங்க் ஆஃப் இங்கிலாந்து’ என்னும் பப்புக்கு அழைத்துச் சென்றார்கள். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கிளையாக இருந்த கட்டடம் அது. கூரையையும் சரவிளக்குகளையும் கண்டு வியந்தேன் என்றாலும் மனம் ஒப்பவில்லை. என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்தை இன்றும் பெருமையோடுதான் பேசுவார். மக்கள் நம்பிப் பணம் போட்ட ஓர் இடம் குடிக்கும் இடமாக மாறியிருப்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? நூலகமாகவோ அருங்காட்சியகமாகவோ ஆக்கியிருக்கக் கூடாதா? அடுத்த மாதம் அப்பா இங்கே வருகிறார். மதுவைத் தொடாத அவரை அங்கே அழைத்துச் செல்வது முறையாகுமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு ஏற்பட்ட உறுத்தல் எனக்குப் புரிகிறது. காசாளர் ஒருவரின் பிள்ளைக்கு அது ஏற்படாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் அந்தக் கட்டடத்தின் வரலாற்றைப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. அந்தக் கூடம் இன்று முழுதாக நிற்கிறதென்றால், அது மதுவிடுதியாக ஆனதும் அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனையில் வங்கி வருவதற்கு முன்னால் இருந்ததும் மதுக்கடைதான். ‘காக்’ என்ற பெயரில் பழைய தவறணை ஒன்று அங்கே நடந்துவந்தது. பக்கத்தில் உயர்நீதிமன்றங்களின் பெருங்கட்டடம் எழுந்து, 1882 டிசம்பரில் விக்டோரியா அரசி அதைத் திறந்துவைத்தார். நீதிமன்றத்தை ஒட்டியே தனக்கு ஒரு கிளை வேண்டும் என்று பாங்க் ஆஃப் இங்கிலாந்து கருதியதால், தவறணை இடிக்கப்பட்டு, தெருவின் எதிர்ச்சாரியில் புதிதாகக் கட்டப்பட்டது. ஒடுங்கிய முகப்போடு அது இன்றும் அங்கே இருக்கிறது; அடுத்த முறை போகும்போது தெருவைக் கடந்து பாருங்கள். கிளையை வடிவமைத்தவர் 1883 முதல் வங்கியின் கட்டடக் கலைஞராக இருந்த ஆர்தர் புளோம்ஃபீல்டு. நீதிமன்றக் கட்டடத்தை வடிவமைத்த ஜார்ஜ் ஸ்ட்ரீட் என்பவர் 1881இல் இறந்தபோது எஞ்சிய வேலையை முடித்துக் கொடுத்தவர்களிலும் அவர் ஒருவர். ஆகவே, அடுத்தடுத்து நிற்கும் அந்த இரண்டு கட்டடங்களிலும் அவருடைய கை பட்டிருக்கிறது. நீதிமன்றம் கூர்முனைக் கோபுரங்கள் கொண்ட கோதிக் பாணியில் இருக்க, வங்கிக்கு அவர் இத்தாலிய மாளிகைகளின் சாயலைத் தேர்ந்தார். 1888இல் திறக்கப்பட்ட கிளை 1975வரை இயங்கியது. பிறகு சில காலம் வீட்டுக்கடன் சங்கம் ஒன்றின் கையில் இருந்து, 1990களின் நடுவில் ஃபுல்லர்ஸ் என்ற லண்டன் மதுவடிப்பு நிறுவனத்தால் பப்பாக மாற்றப்பட்டது.

பணம் வாங்கிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு அத்தனை உயரமான கூரை எதற்கு என்ற கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கும். 1866இல் லண்டன் லோம்பார்டு தெருவில் ஓவரெண்டு கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் சரிந்து, தன்னோடு பலவற்றைச் சாய்த்தது. 1878இல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி மூழ்கியபோது, அதன் பங்குதாரர்களுடைய பொறுப்புக்கு வரம்பு இல்லாததால், பல குடும்பங்கள் வீடு வாசலை இழந்தன. வைப்புத் தொகைக்குச் சட்டம் வழங்கும் பாதுகாப்பு பிரிட்டனில் 1979இல்தான் வந்தது. அதுவரை, பணம் பத்திரமாக இருக்கும் என்ற வாக்குறுதியைக் கல்லும் பளிங்கும் பித்தளையும்தான் கொடுக்க வேண்டியிருந்தது. திவாலாகும் எண்ணமே இல்லாத நிறுவனம்தான் இப்படிக் கட்டும் என்று வாடிக்கையாளர் நினைக்க வேண்டும். அதற்காகவே ஊர்தோறும் வங்கிகள் தங்கள் சக்திக்கு மீறிக்கூடக் கட்டின. பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு அந்தக் கவலை குறைவுதான், ஆனாலும் காலத்தின் வழக்கம் அதையும் விடவில்லை.

அந்தத் தேவை தீர்ந்ததும் கூடங்கள் சுமையாயின. 1967இல் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் வழங்கும் முதல் இயந்திரத்தை வைத்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரே தெருவில் இரண்டு மூன்று கிளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விற்கத் தொடங்கின. வாங்குபவர் அடுக்குமாடி வீடுகளாகவோ அலுவலகமாகவோ ஆக்க விரும்பினால், உயர்ந்த கூடம் அவருக்கு வீணான காற்றுவெளி. நடுவே தளம் போட்டு இரண்டாகப் பிரித்தால்தான் அவருக்குக் கணக்கு கட்டும். மரபுக் கட்டடங்களுக்கான பட்டியலில் இடம்பெற்ற கட்டடத்தின் உட்புறத்தை அனுமதியின்றி மாற்றுவது அங்கே தண்டனைக்குரிய குற்றம் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் இடிப்பதைத் தடுக்குமே தவிர, சூடேற்றவும் கூரை ஒழுக்கை அடைக்கவும் பணம் கொடுக்காது. கூடத்தைக் கூடமாகவே வைத்துக்கொண்டு, அதன் செலவைத் தினமும் ஈட்டக்கூடிய தொழில் வேண்டும். நகரின் நடுவே, பிரித்துவிடாத பெரிய அறையும் கனத்த சுவர்கொண்ட நிலவறையும் தேவைப்படும் தொழில் பப்.

வங்கியாகவே இருந்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். திரெட்நீடில் தெருவில் இருக்கும் தலைமையகத்தின் கதையைப் பாருங்கள். ஜான் சோன் 1788 முதல் 45 ஆண்டுகள் அந்த வங்கியின் கட்டடக் கலைஞராக இருந்து, மேலிருந்து ஒளி இறங்கும் கூடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அங்கே எழுப்பினார். ஆங்கிலக் கட்டடக் கலையின் உச்சங்களில் ஒன்றாக அவற்றைக் கருதுகிறேன். இடம் போதவில்லை என்று 1925இல் தொடங்கிய மறுகட்டுமானத்தில், ஹெர்பர்ட் பேக்கரின் புதிய கட்டடத்துக்காக அவற்றில் பெரும்பகுதியை வங்கியே இடித்துத் தள்ளியது. இன்று நாம் காண்பது பெரும்பாலும் வெளிச்சுவரை மட்டுமே. நீங்கள் கேட்கும் அருங்காட்சியகம் 1988முதல் அதே வளாகத்தில் இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால் அதில் நீங்கள் நிற்கும் சோனின் பங்குப்பத்திரக் கூடம், இடிக்கப்பட்டதைப் போலவே 1980களில் திரும்பக் கட்டியது. வங்கியாகத் தொடர்ந்த இடத்தில் கூடங்கள் போயின. பப்பாகிவிட்ட கிளையில் கூடம் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

ஒரு வார நாளின் முற்பகலில், கூட்டம் சேர்வதற்கு முன்னால் நான் அங்கே போயிருக்கிறேன். கூடத்தின் நடுவில் தீவு போல நிற்கும் பாரைச் சுற்றி வந்தால், கூரையின் சுதை வேலைப்பாடு எந்தப் பக்கத்திலிருந்தும் மறைவதில்லை. பணியாளர் ஒருவர் கைப்பம்பின் நீண்ட பிடியைத் தன்பக்கம் மெதுவாக இழுத்தார். அந்த ஒவ்வோர் இழுப்புக்கும் நிலவறைப் பீப்பாயிலிருந்து பீர் மேலேறி வந்து கோப்பையில் நுரைத்தது. பீப்பாயிலேயே நொதித்து முடியும் ‘ஏல்’ என்ற இந்த பீர் வகைக்கு ஏறக்குறைய 12 டிகிரி குளிர்ச்சி மாறாமல் இருக்க வேண்டும். வங்கியின் பெட்டக அறைகளுக்குக் கட்டிய தடித்த சுவர்கள் அதற்கு மிகவும் ஏற்றவை. தரைமட்டத்துக்குக் கீழே பொருளைப் பத்திரப்படுத்துவதும், மேலே கவுண்டருக்கு இப்புறம் நிற்பவருக்கு அதை அளந்து கொடுப்பதுமான அந்த ஒழுங்கு பெரிதாக மாறவே இல்லை. எதிரே இருக்கும், ‘டெம்பிள்’ என்று அழைக்கப்படும் சட்ட அலுவலகப் பகுதியிலிருந்து வழக்கறிஞர்கள் கோப்புக் கட்டோடு வந்து அமர்கிறார்கள். ஒரு காலத்தில் காரியம் உள்ளவர்கள் மட்டுமே நுழைந்த அந்தக் கதவுக்குள் இன்று வழிப்போக்கரும் நுழையலாம், அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

எனக்கு வருத்தம் தரும் விஷயமும் ஒன்று உண்டு. ஸ்வீனி டாட் என்ற கொலைகார நாவிதனின் கடை பக்கத்தில் இருந்தது, அவன் கொன்றவர்களை அடித்தள வழியாக, இறைச்சிப் பண்டம் செய்து விற்கும் கடைக்குக் கொண்டுபோனார்கள் என்ற கதையை அந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லி வருகிறார்கள். அவன் 1840களின் மலிவு விலைத் தொடர்கதையில் பிறந்த பாத்திரம். தவறணை வங்கியாகி, வங்கி மீண்டும் மதுவிடுதியான நிஜக் கதை கையில் இருக்கும்போது, கற்பனைக் கொலைகள் எதற்கு? வருபவர்களுக்கு புளோம்ஃபீல்டின் பெயரைச் சொல்லலாம்.

அப்பாவைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் வேண்டாம். அப்போது நிற்க இடமிருக்காது, பேசவும் முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போய், அவருக்குத் தேநீரோ பழச்சாறோ வாங்கிக் கொடுங்கள். அங்கே யாரும் மது அருந்தியே ஆக வேண்டும் என்றில்லை. பாரில் நின்று கேட்டு, பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டு, பிறகுதான் மேசைக்கு வர வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். கவுண்டரில் வரிசை நின்று பழகாத பிள்ளைகளைவிட அவருக்கு அது இயல்பாகவே வரும்.

அவருக்குக் கால்வலி இல்லையென்றால், அங்கிருந்து கிழக்கே கிரேஸ்சர்ச் தெருவுக்கும் போய் வாருங்கள். ‘தி கிராஸ் கீஸ்’ என்ற பப் அங்கே இருக்கிறது. 1913இல் ஹாங்காங் அண்டு ஷாங்காய் வங்கியின் லண்டன் அலுவலகமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. ‘கிராஸ் கீஸ்’ என்பது அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய சத்திரத்தின் பெயர். இரண்டு கூடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, எதில் தன் மேசையைப் போட்டுக்கொண்டிருப்பார் என்று அவரைக் கேட்டு எழுதுங்கள். ஒரு காசாளரின் தீர்ப்பை அறிய எனக்கு உண்மையிலேயே ஆவல்.

அன்புடன்,
ஆசிரியர்