ஏவுகணை அழிப்புக் கப்பல்: குன்னூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கடற்படையின் இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் வசித்து வருகிறேன். ஏவுகணை ஏந்திய 'டெஸ்ட்ராயர்' எனும் அழிப்புக் கப்பல்களைப் பற்றியும், அவற்றில் ஒன்றான நம் கடற்படையின் ஐ.என்.எஸ். சென்னையைப் பற்றியும் வாசகர் வட்டத்து நண்பர்கள் சீட்டுகளில் எழுதித் தந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

உதகை மாணவர்: எதை அழிப்பதால் இப்பெயர் வந்தது ஐயா?

1890களில் பெரிய கப்பல்களை நெருங்கி டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாயும் வெடிகுண்டு, எய்த சிறு படகுகளை விரட்டுவதற்காக இவை பிறந்தன. படகுகள் போய்விட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கோத்தகிரி வாசகி: ஐ.என்.எஸ். சென்னையைக் கட்டி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஏன் ஆனது?

மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் 2006 பிப்ரவரியில் அதன் ஏரா, அதாவது அடித்தண்டு, இடப்பட்டது. 2010 ஏப்ரல் 1 அன்று கடலில் இறக்கினார்கள். படையில் சேர்ந்ததோ 2016 நவம்பர் 21 அன்று. கடலில் இறக்கிவிட்டால் கப்பல் தயார் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அன்று மிதப்பது பெரும்பாலும் வெறும் இரும்புக்கூடுதான். அதற்குள் கம்பிவடங்களும் குழாய்களும் இழுத்து, ராடார், நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனார், ஏவுகலங்கள் ஆகியவற்றைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் முதலில் தனியாகவும் பிறகு மற்றவற்றோடு சேர்த்தும் இயக்கிப் பார்த்து, கடலோட்டத்தில் தெரிந்த குறைகளைத் திருத்தி, மீண்டும் கடலுக்குப் போக வேண்டும். கூட்டுக்கு நான்காண்டு, மீதிக்கு ஆறாண்டுக்கு மேல் என்பதிலிருந்தே வேலையின் கனம் எங்கே என்று புரியும்.

தேயிலை ஆலை ஊழியர்: எங்கள் டிரையரைச் சூடேற்றவே நேரம் பிடிக்கிறது. இவ்வளவு பெரிய கப்பல் அவசரத்துக்கு எப்படிப் புறப்படும்?

நல்ல கேள்வி. நீராவிக் கப்பல்களில் கொதிகலனில் ஆவி ஏறும்வரை மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். இக்கப்பலில் இருப்பவை நான்கு வாயு டர்பைன்கள், அதாவது எரிபொருள் எரிந்து வரும் சூடான வாயுவால் சுழலும் பொறிகள். சில நிமிடங்களில் உயிர்பெற்று, சுமார் 7,500 டன் எடையை மணிக்கு 30 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் தள்ளுகின்றன.

ஆனால் டர்பைன் பெருங்காற்றை உறிஞ்சும் பிராணி. காற்றோடு உப்பும் வரும். வடிகட்டிகளைத் தாண்டி வரும் உப்பு, காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் இறகுகளில் மெல்லிய வெண்படலமாகப் படியும். அதனால் திறன் குறைந்து, வெப்பம் கூடும். எரிபொருளை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரால் மெதுவாகச் சுழற்றியபடி தூய நீரைத் தெளித்துக் கழுவுவோம். வழிந்து வரும் கலங்கல் நீர் தெளியும்வரை விடுவதில்லை. சேவை என்பதில் பெரும்பகுதி இந்தக் கழுவல்தான் என்று சொன்னால் பீரங்கிப் பிரிவு நண்பர்கள் கோபிப்பார்கள்.

அரவங்காடு வாசகர்: ஏவுகணை மேல்நோக்கிப் புறப்பட்டு, எப்படிக் குறியை நோக்கித் திரும்புகிறது?

இக்கப்பலின் பிரமோஸ் ஏவுகணை செங்குத்தாக எழுந்ததும் மூக்குக் கவசத்திலுள்ள சிறு உந்திகள் அதைக் குறியின் திசைக்குச் சாய்க்கின்றன. திட எரிபொருள் உந்தி வேகமூட்டியபின், எதிர்வரும் காற்றையே அழுத்தி எரிபொருளை எரிக்கும் ராம்ஜெட் எஞ்சின் பொறுப்பேற்கிறது. ஏவுகலத்தையே திருப்ப வேண்டாம் என்பதால் எந்தப் பக்கம் பகை வந்தாலும் நேரம் வீணாகாது. இக்கப்பலில் பிரமோஸைச் செங்குத்தாக ஏவும் 16 அறைகள் உள்ளன. வான்வழி வருபவற்றுக்கு 32 பராக் ஏவுகணைகள் தனி.

வெலிங்டன் வாசகி: போரில்லாத நாளில் என்ன செய்யும்?

2024 ஜனவரியில் சோமாலியக் கடலோரத்தில் 'லீலா நார்ஃபோக்' என்ற சரக்குக் கப்பல் கடத்தல் முயற்சிக்கு உள்ளானபோது, கடற்கொள்ளைத் தடுப்புப் பணியிலிருந்த ஐ.என்.எஸ். சென்னையைத்தான் திருப்பிவிட்டார்கள். கமாண்டோக்கள் ஏறிச் சோதித்தபோது கொள்ளையர் எவரும் இல்லை. 15 இந்தியர் உட்பட 21 மாலுமிகளும் நலமாக இருந்தார்கள். ஏவுகணை எதுவும் எய்யப்படவில்லை. விரைந்து போய்ச் சேர டர்பைன்கள்தான் தேவைப்பட்டன.

அதே வாசகி: சென்னைத் துறைமுகத்தில் பார்க்கலாமா?

பெயர்தான் சென்னை, அதன் தாய்த்துறைமுகம் மும்பை.